எண்ணூர், மணலி தொழிற்பகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் வடகோடியில் கத்திவாக்கத்தில் வளர்ந்து, இன்றும் அங்கேயே குடியிருக்கிறேன். வேலை மாற்றலாகி வருபவர்களும், வாடகைக்கு வீடு தேடுபவர்களும், ஆய்வுக் கட்டுரைக்காக வரும் கல்லூரி மாணவர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்வி புகையைப் பற்றியதாக இருந்தாலும் வீட்டு மனையைப் பற்றியதாக இருந்தாலும், பதில் பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் முடிகிறது. ஏனெனில் இந்த ஆலைகளில் பல ஓர் ஆற்றின் கழிமுகத்திலும், அதன் உப்பளங்களிலும், வெள்ளம் பரவும் தாழ்நிலங்களிலும் எழுந்தவை.

இந்தத் தொழிற்பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

தெற்கே திருவொற்றியூர், மேற்கே மணலி, வடக்கே வல்லூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, கிழக்கே வங்காள விரிகுடா என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. நடுவில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் இருக்கிறது. திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் ஆகியவை 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. முகத்துவாரத்தின் வடகரை திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. நீர் ஒன்றுதான் என்றாலும் நிர்வாகம் இரண்டு என்பதால், வடகரையில் உடைந்த சாம்பல் குழாய்க்காகத் தென்கரை மீனவர் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்ற அலைச்சல் இங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறது.

இவ்வளவு ஆலைகளும் ஏன் இங்கே வந்தன?

தொடக்கத்தில் காரணம் எளிமையானது. துறைமுகம் பக்கத்தில் இருந்தது, வடக்கே செல்லும் ரயில் பாதை இருந்தது, நகருக்குள் கிடைக்காத அகலமான நிலம் இருந்தது. அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து எண்ணூர் வரை சரக்குப் படகுகளுக்காகக் கால்வாய் வெட்டப்பட்டது. பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியின் முதல் துண்டு அதுதான். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் ஒரு சிறு கொட்டகையாகத் தொடங்கியதே பின்னர் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்தது. இவை இயந்திரமும் ரப்பரும் சார்ந்த தொழில்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிரந்தரச் சம்பளத்தையும் குடியிருப்பையும் கொடுத்தவை. வடசென்னையின் தொழிற்சங்க மரபு இந்த வாயில்களில்தான் வேரூன்றியது.

அடுத்து வந்தவை வேறு வகையைச் சேர்ந்தவை. மணலியில் 1965இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு இயங்கத் தொடங்கியது. சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறிய அந்த ஆலையின் இன்றைய திறன் 105 லட்சம் டன். அதைச் சுற்றி உர ஆலையும் பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகளும் அமைந்தன. 1970 முதல் எண்ணூரில் அனல்மின் நிலையம் இயங்கியது. 2001இல் நிலக்கரி இறக்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு நாட்டின் 12ஆவது பெருந்துறைமுகம் இங்கே திறக்கப்பட்டது. 2014 முதல் அதன் பெயர் காமராஜர் துறைமுகம்.

ஒரு ஆலை வந்தால் அதன் மூலப்பொருளை நம்பி இன்னொன்று வருவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் நிலம் தேடியவர்களின் கண்ணுக்கு உப்பளமும், அலையாத்திக் காடும், கடல் இறங்கும்போது சேறாகத் தெரியும் கழிவெளியும் (கடல்நீர் ஏறி இறங்கும் தாழ்நிலம்) சும்மா கிடக்கும் புறம்போக்காகவே பட்டன. அங்கே இறால் வளர்கிறது என்பதும், மழைக்காலத்தில் அதே இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதும் பக்கத்துக் குப்பத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும்.

இப்போது இயங்கும் அனல்மின் நிலையங்கள் எவை?

450 மெகாவாட் திறன் கொண்ட பழைய எண்ணூர் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலையில் 630 மெகாவாட், இரண்டாம் நிலையில் 1,200 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் நிலையில் 800 மெகாவாட் என்று திறன்கள் உள்ளன. வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 1,500 மெகாவாட் நிலையம் இருக்கிறது. இவை அனைத்தும் முகத்துவாரத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

நிலக்கரிச் சாம்பல் ஆற்றுக்குள் எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வதற்கு மன்னிக்கவும். இந்தப் பகுதியின் துயரத்தில் பெரும்பங்கு இதில்தான் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். எரித்தபின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரி தேவை என்று கொண்டால், 1,000 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடும்போது ஏறத்தாழ 700 டன் கரியை எரித்து 200 டன்னுக்கு மேல் சாம்பலை வெளியே தள்ளுகிறது. இதில் ஒரு பகுதியை உலர் சாம்பலாகப் பிடித்து சிமென்ட் ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் அனுப்புகிறார்கள். எஞ்சியதைத் தண்ணீரோடு கலந்து, கூழாக்கி, இரும்புக் குழாய்கள் வழியே செப்பாக்கம் பக்கமுள்ள சாம்பல் குளத்துக்கு இறைக்கிறார்கள்.

சாம்பல் கூழ் குழாயின் உட்புறத்தை மணலைப் போல அராவுகிறது. வெளிப்புறத்தை உப்புக்காற்று அரிக்கிறது. இணைப்புகள் விட்டுப்போய்க் கூழ் ஒழுகத் தொடங்கும். கசிவு நடக்கும் இடத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குழாயின் அடியிலிருந்து சாம்பல் நிற நீர் விரல் பருமனில் பீறிட்டுக்கொண்டிருந்தது. கீழே ஈரமான சிமென்ட் போன்ற ஒரு மேடு. அந்த மேட்டில் கால் வைத்தபோது மேலே கெட்டியாகவும் உள்ளே களிபோலவும் இருந்தது, முழங்கால் வரை இறங்கிற்று. அலையாத்திச் செடிகளின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பவை. அங்கே அவற்றின் நுனி மட்டுமே வெளியில் தெரிந்தது.

இப்படி ஆண்டுக்கணக்கில் படிந்ததில், ஆள் மூழ்கும் ஆழம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லும் இடங்களில் இன்று கடல் இறங்கும் வற்றத்தின்போது நடந்தே கடக்கலாம். சாம்பலில் ஆர்செனிக், காரீயம் போன்ற நச்சு உலோகங்களும் சிறு அளவில் உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் அளித்த தீர்ப்பில், சாம்பல் கசிவைத் தடுக்கவும் படிந்த சாம்பலை அகற்றி நீர்நிலையைச் சீரமைக்கவும் உத்தரவிட்டது. பல இடங்களில் குழாய்கள் மாற்றப்பட்டுள்ளன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் படிந்த சாம்பலை எடுக்காதவரை ஆற்றின் ஆழம் திரும்பாது.

மழைக்காலத்தில் மணலி புதுநகரும் சடையங்குப்பமும் ஏன் மூழ்குகின்றன?

பூண்டி ஏரி நிரம்பினால் உபரி நீர் கொசஸ்தலை வழியாகத் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி வருகிறது. புழல் ஏரியின் உபரிக் கால்வாயும் இந்தத் தாழ்வை நோக்கியே வருகிறது. பக்கிங்காம் கால்வாய் வடசென்னையின் மழைநீரையும் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு தெற்கிலிருந்து வருகிறது. மூன்றுக்கும் வாசல் ஒன்றே, அது எண்ணூர் முகத்துவாரம். கடலில் ஏற்றம் இருக்கும் மணி நேரங்களில் அந்த வாசலும் பாதி அடைத்ததுபோல் ஆகிவிடும். வெள்ளம் வடியக் கடல் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

முன்பு அந்தக் காத்திருப்பு நேரத்தில் நீர் பரவி நிற்க உப்பளங்களும் கழிவெளியும் இருந்தன. இன்று அங்கே கரிக் கிடங்குகளும், மண் கொட்டி உயர்த்திய சாலைகளும், கன்வேயர் தூண்களும், கன்டெய்னர் முனையங்களும் நிற்கின்றன. நிற்க இடமில்லாத நீர் வீடுகளுக்குள் வருகிறது. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது மணலி புதுநகரில் மழை விட்டபிறகுதான் தண்ணீர் ஏறியது. வானம் வெளுத்திருந்தது, தெருவில் இடுப்பளவு நீர். மழையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் பூண்டியில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற செய்தியைக் கவனிக்கும் பழக்கம் இங்கே குடியிருப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

2023 டிசம்பரில் ஆற்றில் எண்ணெய் கலந்தது எப்படி?

மிக்ஜாம் புயல் மழை கொட்டிய டிசம்பர் 4ஆம் தேதியை ஒட்டி, மணலிப் பகுதியின் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கும் அங்கிருந்து கடலுக்கும் பரவியது. எர்ணாவூர், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய இடங்களில் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அரசு மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், பாதிக்கப்பட்ட படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது.

எண்ணெயை எடுத்த விதத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று நினைக்கிறேன். மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சும் இயந்திரங்களும் வந்தன என்றாலும், முகத்துவாரத்தில் பெரும்பகுதியை அள்ளியவர்கள் மீனவர்கள்தான். படகில் இருவர் அமர்ந்து, மக்கிலும் வாளியிலும் மேலாக வழித்து, பீப்பாயில் ஊற்றினார்கள். எங்கள் தெருவுக்கு வந்த ஒரு பெரியவரின் கையில் மண்ணெண்ணெய் தேய்த்துக் கழுவியபின்னும் நகக் கண்களில் கறுப்பு போகவில்லை. எண்ணெய் தோய்ந்த நைலான் வலையைத் துவைத்துப் பயன்படுத்த முடியாது. கயிறு வழுக்கும், மீனிலும் வாடை ஏறும். வலையைப் புதிதாகவே வாங்கவேண்டும்.

இதற்கு முன் 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் எர்ணாவூர்க் கரையில் எண்ணெய்க் கசடை வாளியால்தான் அள்ளினார்கள். ஏழாண்டு இடைவெளியில் இரண்டு முறையும் ஆயுதம் வாளியாகவே இருந்ததை நான் பெரும் குறையாகக் கருதுகிறேன்.

கழிமுகத்தில் இன்னும் மீன்பிடிக்கிறார்களா?

பிடிக்கிறார்கள். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய ஊர்களின் வாழ்க்கை ஆற்றை நம்பியது. இன்ன நாளில் இன்ன ஊர், இன்ன குழு, இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதைப் பாடு என்பார்கள். ஒருவருக்கே எல்லாம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது, பழவேற்காட்டிலும் உண்டு. இருளர் மக்கள் வலையில்லாமல் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள்.

வரவு சுருங்கிவிட்டது. அனல்மின் நிலையம் கடல் நீரை எடுத்துக் குளிர்விப்புக்குப் பயன்படுத்திவிட்டு வெதுவெதுப்பாகத் திருப்பி விடுவதால், அந்த வெப்பம் தாங்கும் உயிர்களே அந்தப் பக்கம் நிற்கின்றன. இத்தோடு அண்மை ஆண்டுகளில் காக்கா ஆழி என்ற புதுத் தொல்லை சேர்ந்திருக்கிறது.

காக்கா ஆழி என்பது என்ன?

தென் அமெரிக்க, நடு அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி. கப்பல்கள் எடை சமன்செய்ய ஏற்றி இறக்கும் நீரிலோ, அவற்றின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ வந்து சேர்ந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கறுப்பு நிறம், கட்டைவிரல் நீளம். ஒன்றோடொன்று நாரால் பிணைந்து, சேற்றின் மேல் தடித்த பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடும். இறால் சேற்றுக்குள் புதைந்து இரை தேடும் உயிர். இந்தப் பாய் மூடிய இடத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. உள்ளூர் மட்டிகளும் அழிகின்றன. ஓடு கூர்மையானது என்பதால் கையால் இறால் பிடிப்பவர்களின் விரல்களிலும் பாதங்களிலும் கீறல் ஆறுவதில்லை. இது பழவேற்காடு வரை பரவிவிட்டது. அள்ளிக் கரையில் கொட்டினாலும், எடுத்த இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது.

இங்கே விற்கும் மீனை வாங்கிச் சாப்பிடலாமா?

எண்ணூர்க் கரையில் விற்கும் மீனில் பெரும்பங்கு திறந்த கடலில் பிடித்தது. அதைத் தயங்காமல் வாங்கலாம். ஆற்று மீனைப் பொறுத்தவரை, எண்ணெய் கலந்த செய்தி வந்த வாரங்களில் தவிர்ப்பது நல்லது. மண்ணெண்ணெய் வாடை அடித்தால் கழுவினாலும் போகாது. விற்பவரிடம் ஆற்று மீனா கடல் மீனா என்று கேளுங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

காற்று எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் 88 தொழிற்பகுதிகளைக் காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்து மதிப்பிட்டது. 70 புள்ளிக்கு மேல் பெற்றவை கடுமையாக மாசடைந்தவை என்று வகுக்கப்பட்டன. அப்படி அமைந்த 43 இடங்களில் மணலியும் ஒன்று. அது பெற்ற புள்ளி 76.32. தமிழ்நாட்டில் வேலூர், கடலூர், கோயம்புத்தூர் ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. அதனால் 2010இல் புதிய ஆலைகளுக்கு ஒப்புதல் தருவது சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

அன்றாட நிலவரத்துக்கு மணலியில் உள்ள தொடர் கண்காணிப்பு நிலையங்களின் அளவை சமீர் செயலியில் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீடு 100க்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. 200ஐத் தாண்டினால் மூச்சுத்திணறல் உள்ளவர்களும் குழந்தைகளும் வெளியில் ஓடியாடுவதைக் குறைக்கவேண்டும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டின் வரம்பு. ஆனால் குறியீடு எல்லாவற்றையும் சொல்லாது. அழுகிய முட்டை வாடையைத் தரும் வாயுவையோ, ஆலையிலிருந்து வரும் கரைப்பான் ஆவிகளையோ அது கணக்கில் எடுப்பதில்லை. மூக்கு எரிகிறது, செயலியில் பச்சை தெரிகிறது என்று யாராவது சொன்னால் இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

பகலில் கடற்காற்று மாசை உள்நிலத்துக்குத் தள்ளும். இரவில் நிலக்காற்று அடங்கி வீசும்போது அது தாழ்வாகவே தங்கும். வாடை பற்றிய புகார்கள் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல் வருவதற்கு இது ஒரு காரணம்.

இரவில் கடும் வாடை வந்தால் என்ன செய்யவேண்டும்?

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து ஓர் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே இதைக் குடும்பத்தோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். மாடியில் காயும் துணியே போதும். வாடை வரும் திசைக்கு நேரே ஓடாமல், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால், நனைத்துப் பிழிந்த துணியை மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுவது உதவும். கண் எரிந்தால் கசக்காமல் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவவேண்டும். வெளியேற முடியாதவர்கள் கதவு, ஜன்னல் இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து உள்ளறையில் இருக்கலாம். ஆம்புலன்சுக்கு 108, அவசர உதவிக்கு 112, மாநகராட்சிக்கு 1913. புகார் செய்யும்போது நேரம், இடம், வாடையின் தன்மை, காற்றின் திசை ஆகிய நான்கையும் சொல்லுங்கள்; இவை இல்லாத புகாரை வைத்துக் கொண்டு எந்த அலுவலராலும் ஆலையைக் கண்டறிய முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அபாயகரமான வேதிப்பொருட்கள் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, விபத்து நேர்ந்தால் என்ன ஆபத்து, மக்கள் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிப்பது ஆலையின் கடமை. உங்கள் தெருவில் அப்படி யாரும் வந்து சொல்லவில்லையென்றால், மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கேட்பது உங்கள் உரிமை.

கடல் ஏன் ஊருக்குள் வருகிறது?

இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கு 1876இல் தொடங்கி கட்டப்பட்ட தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கே நிறுத்திவிட்டன. மெரினா அகன்றது, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்தது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கல் கொட்டி, கடலுக்குள் நீளும் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் அமைத்ததில் சில இடங்களில் மணல் திரும்பியிருக்கிறது, ஆனால் வளைவு முடியும் இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்கிறது. காமராஜர் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்களுக்கும் இதே கணக்குதான்: தெற்கே மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்கிறது, வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் அரிக்கிறது.

குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கிணற்று நீரை நம்பமுடியாது. மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் வயல் நடுவே ஆழ்குழாய் போட்டு அளவுக்கு மீறி இறைத்ததால், 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. காட்டுப்பள்ளியில் 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது.

மனமாரப் பாராட்டவேண்டிய ஒரு செயலும் இங்கே நடந்திருக்கிறது. மணலி ஆலைகள் 1990களிலிருந்தே நகரின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. 2019இல் கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வூடு முறையில் சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் தொடங்கியது. அந்த அளவு நன்னீர் குடிமக்களுக்கு மிச்சமாகிறது.

உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கிறதா?

என் தந்தையின் தலைமுறைக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இன்று பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். கட்டுமானத்திலும் கரி கையாளுவதிலும் ஒடிசா, பீகார், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் மிகுதி. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வந்தவர் உள்ளூர் வேலையைப் பறித்தார் என்று பேசுபவர்களிடம் நான் அந்த ஒன்பது பேரை நினைவூட்டுவது வழக்கம்.

அங்கே வீடு வாங்கலாமா?

விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ ரயில் வந்தபிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. வாங்குவதும் வாங்காததும் உங்கள் முடிவு. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரரிடம் 2021இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். தரகர் சொல்வதைவிட அவர் சுவரில் காட்டும் கோடு நம்பத்தக்கது. மனை புதிதாக மண் கொட்டி உயர்த்தப்பட்டதா என்று பாருங்கள். சில இடங்களில் கொட்டியது மண்ணே அல்ல, சாம்பல். ஆஸ்துமா உள்ளவர் குடும்பத்தில் இருந்தால், முதலில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்குக் குடியிருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

புதிய திட்டங்களுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யார் பேசலாம்?

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரவேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அலுவலரோ தலைமை ஏற்பார். வந்திருக்கும் யாரும் கேள்வி கேட்கலாம்; வர முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம். முழுக் கூட்டமும் படம்பிடிக்கப்படவேண்டும். பேசியவை தமிழில் வாசிக்கப்பட்டு, அறிக்கையில் சேரவேண்டும். கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வந்திருக்கவேண்டும் என்ற வரம்பு கிடையாது. நாம் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். சுருக்க அறிக்கையைத் தமிழில் தருவது கட்டாயம் என்பதால் முன்னதாக வாங்கிப் படித்து, பக்க எண்ணைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். திட்ட வரைபடத்தில் கழிவெளி வெற்று நிலமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மாணவர்கள் பார்வையிட வரவேண்டுமென்றால் எப்படி வருவது?

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறி, எண்ணூரில் இறங்கலாம். அங்கிருந்து முகத்துவாரக்குப்பம் ஷேர் ஆட்டோ தூரம். காலை ஏழு மணிக்குள் வந்தால் படகுகள் திரும்புவதைப் பார்க்கலாம். பேசவும் ஆள் கிடைப்பார்கள். மீன் ஏலம் நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள். ஆலை வாயில்களிலும் துறைமுகத்திலும் அனுமதியின்றிப் படம் எடுக்கக்கூடாது. தண்ணீரில் இறங்குவதானால் கட்டாயம் காலணி வேண்டும், காக்கா ஆழி கிழித்துவிடும்.

எண்ணூரில் இறங்காமல் அத்திப்பட்டு புதுநகர் வரை ஒருமுறை ரயிலில் போய்த் திரும்புவதும் நல்லது. இடையில் ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும். வலப்பக்க ஜன்னலில் அமர்ந்தால் குளிர்விப்புக் கோபுரங்களும் மின்கம்பிகளும் தெரியும். அவற்றுக்குக் கீழே, கழுத்தளவு நீரில் நின்று வலை கட்டுபவர்களும் தெரிவார்கள்.